பன்னிரண்டும் ஒன்றாக: காம்பவுண்டு வில்லின் அம்பைப் பற்றிய ஓர் ஆய்வு

2023 ஆகஸ்ட்டில் பெர்லினில் நடந்த உலக வில்வித்தைப் போட்டியின் ஆடவர் காம்பவுண்டு இறுதிச் சுற்றில், இந்தியாவின் ஓஜஸ் பிரவீண் தேவ்தளே எய்த 15 அம்புகளும் பத்து வளையத்தில் தைத்தன. அவர் எடுத்தது 150. எதிர்த்து நின்ற போலந்து வீரர் லூகாஸ் பிசிபில்ஸ்கி எடுத்தது 149. 50 மீட்டர் தொலைவில், 8 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே ஒரே ஓர் அம்பு போனதில் உலகப் பட்டம் தீர்மானமானது. அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு பிரிவின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே வந்தன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக இந்த வில் முதன்முறையாக இடம்பெறுகிறது. போட்டி இவ்வளவு நெருக்கமாகிவிட்ட பிறகு, நல்ல அம்பு எது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. களத்தில் இதற்கு மூன்று விடைகள் உலவுகின்றன. விலை உயர்ந்ததும் மிக நேரானதுமே நல்ல அம்பு என்பது முதல் விடை. வில்லுக்குப் பொருந்தும்படி நுட்பமாக டியூன் செய்யப்பட்டதே நல்ல அம்பு என்பது இரண்டாவது. ஒரு தொகுதியில் உள்ள எல்லா அம்பும் ஒன்றுபோல் இருப்பதே முதன்மை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு என்பதே என் வாதம்: ஒற்றுமை முதலில், பொருத்தம் அடுத்து, விலை கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் பணமும் பயிற்சி நேரமும் வீணாகின்றன.

இந்த வாதம் காம்பவுண்டு வில்லுக்கே சிறப்பாகப் பொருந்துவதற்கு அதன் அமைப்பே காரணம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற இந்த வில்லில், நுனிகளில் சுழலும் கேம் என்ற சக்கரங்களால், முழுதாக இழுத்த நிலையில் கையில் தங்கும் பாரம் உச்ச இழுவிசையில் ஒரு சிறு பகுதியே. உலக வில்வித்தைச் சம்மேளனம் அனுமதிக்கும் உச்சம் 60 பவுண்டு. அதை இழுத்து முடித்தவர் விடும் வரை தாங்குவது பதினைந்து, இருபது பவுண்டு அளவுதான். அதோடு நாணில் பீப் என்ற பார்வைத் துளை, முன்னே உருப்பெருக்கும் ஸ்கோப், அதில் நீர்மட்டம், விரலுக்குப் பதில் ரிலீஸ் கருவி எல்லாம் சேர்கின்றன. கேம் இல்லாத, விரலால் இழுக்கும் ரிகர்வ் வில்லில் நாண் விரல்களை விட்டு உருண்டு விலகும்போது பக்கவாட்டில் ஓர் உதை வாங்குகிறது. அதனால் அம்பு பாம்புபோல் வளைந்து வில்லின் நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. ராபர்ட் எல்மர் 'வில்லாளியின் முரண்' என்று பெயரிட்ட இந்த நிகழ்வை 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படங்களால் விளக்கிக் காட்டினார். காம்பவுண்டில் நாண் ஏறக்குறைய நேர்கோட்டில் முன்செல்கிறது. ரெஸ்ட் எனப்படும் மெல்லிய எஃகு பிளேடின் மேல், நாணின் தளத்திலேயே அம்பு அமர்ந்திருக்கிறது. வளைவு இங்கும் உண்டு. ஆனால் பெரும்பகுதி மேல்கீழாக, சிறிய அளவில் நிகழ்கிறது. மனிதக் கையால் நேரும் மாறுபாட்டை இயந்திரம் இவ்வளவு குறைத்துவிட்டதால், எஞ்சிய சிதறலில் அம்பின் பங்கு தானாகவே பெரிதாகிறது.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். காம்பவுண்டு அம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 85 மீட்டர் என்று கொண்டால், 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.6 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 1.7 மீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. இந்த இறக்கத்தைச் சரிக்கட்டத்தான் குறிபார்க்கும் சைட்டைத் தாழ்த்தி வைக்கிறோம். வேகம் ஒரு சதவீதம் மாறினால் இறக்கம் இரண்டு சதவீதம் மாறும். அதாவது அம்பு தைக்கும் இடம் 3.4 செ.மீ. மேலோ கீழோ நகரும். பத்து வளையத்தின் ஆரம் 4 செ.மீ. மட்டுமே, அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டத்தின் ஆரம் 2 செ.மீ. இப்போது எடைக்கு வருவோம். வில் தரும் ஆற்றல் ஏறத்தாழ மாறாதது என்பதால், கனமான அம்பு மெதுவாகவே போகும். 360 கிரெயின் எடையுள்ள தொகுதியில் ஓர் அம்பு மட்டும் 5 கிரெயின் கூடுதலாக இருந்தால், 50 மீட்டரில் அது சுமார் 2 செ.மீ. தாழ்ந்து தைக்கும். ஒரு கிராமில் 15.4 கிரெயின் என்பதால், 5 கிரெயின் என்பது மூன்றில் ஒரு கிராம். பசை ஒரு சொட்டு கூடினாலோ, முனைகள் ஒரே எடையில் இல்லாவிட்டாலோ வரக்கூடிய வேறுபாடு இது. எய்தவர் எந்தத் தவறும் செய்யாமலே எக்ஸின் நடுவுக்குரிய அம்பு அதன் விளிம்புக்குப் போய்விடுகிறது. முழுத் தொகுதியும் 5 கிரெயின் கனமாக இருந்தாலோ எந்தக் கேடும் இல்லை. சைட்டை ஒரு முறை நகர்த்தினால் போதும். ஒற்றுமைக்கு ஏன் முதலிடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தொகுதி முழுவதற்கும் பொதுவான குறையைத் திருகாணியால் திருத்தலாம். அம்புக்கு அம்பு மாறும் குறையை எந்தத் திருகாணியாலும் திருத்த முடியாது.

தண்டின் விறைப்பைக் குறிக்கும் ஸ்பைன் எண்ணையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். 28 அங்குல இடைவெளியில் இரு முனையும் தாங்கப்பட்ட தண்டின் நடுவே 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தாழ்கிறதோ, அந்த அங்குல அளவை ஆயிரத்தால் பெருக்கிய எண்ணே ஸ்பைன். 0.400 அங்குலம் தாழ்ந்தால் ஸ்பைன் 400; எண் குறையக் குறைய விறைப்பு கூடும். இது அசையாத நிலையில் எடுத்த அளவு. வில்லிலிருந்து பாயும்போது அம்பு காட்டும் நெகிழ்வு இழுவிசை, கேமின் வேகம், தண்டின் நீளம், முனையின் எடை எல்லாவற்றையும் சார்ந்தது. தண்டை வெட்டிக் குறுக்கினால் விறைப்பு கூடும், முனையைக் கனமாக்கினால் குறையும். எது சரியான ஸ்பைன் என்பதில் நீண்ட விவாதம் உண்டு. காம்பவுண்டில் சற்று விறைப்பான தண்டு மன்னிக்கும், நெகிழ்ந்த தண்டு மன்னிக்காது என்பது பலரின் அனுபவ முடிவு. ரிலீஸ் கருவி பக்கவாட்டு உதையைக் குறைத்துவிடுவதால், அளவுக்கு மிஞ்சிய விறைப்பு ரிகர்வில் செய்யும் கேட்டை இங்கே செய்வதில்லை; ஆகவே அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொகுதிக்குள் ஸ்பைன் மாறுவது வேறு விஷயம். கார்பன் தண்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். அந்தப் பக்கம் ஓர் அம்பில் மேலேயும் இன்னொன்றில் பக்கவாட்டிலும் அமைந்தால், பெட்டியில் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் இரண்டும் வெவ்வேறாக வளைந்து வெளியேறும். பெட்டியின் மேலுள்ள எண் தொகுதியின் சராசரிக்குச் சாட்சி. ஒவ்வோர் அம்புக்கும் அது சாட்சியாகாது.

வெளிக்களத்தில் காற்று என்ற இன்னொரு தரப்பும் உண்டு. உள்ளரங்கில் 18 மீட்டரில் எய்பவர்கள் விதி அனுமதிக்கும் 9.3 மி.மீ. வரை தடித்த தண்டைத் தேர்கிறார்கள். தண்டு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும் என்பதால் தடிமனில் லாபம் இருக்கிறது. 5.5 மி.மீ. தண்டோடு ஒப்பிட்டால் அந்த லாபம் ஒரு பக்கத்துக்கு 1.9 மி.மீ. 50 மீட்டரில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பக்கக் காற்று அம்பை எவ்வளவு தள்ளும் என்பது, காற்றின் தடையால் அம்பு எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. மெல்லியதும் அதன் விட்டத்துக்குக் கனமானதுமான அம்பு குறைவாகவே தாமதமாகும், குறைவாகவே விலகும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் காலத்தில் வந்த ஈஸ்டன் எக்ஸ்10 போன்ற, மெல்லிய அலுமினியக் குழாயின் மேல் கார்பன் சுற்றிய தண்டுகள் வெளிக்களத்தை ஆட்கொண்டதற்கு இதுவே காரணம். மெல்லிய காற்றில் கோட்டைத் தொடும் மில்லிமீட்டரைவிட, திடீர்க் காற்றில் தப்பிக்கும் சென்டிமீட்டருக்கே மதிப்பு அதிகம். முனைப்பக்கப் பாரத்தைக் குறிக்கும் எஃப்.ஓ.சி. அளவும் இதோடு சேர்ந்தது. நாண் அமரும் பள்ளத்திலிருந்து தண்டின் முன் நுனி வரை 28 அங்குலம், அம்பு சமநிலையில் நிற்கும் புள்ளி 17.9 அங்குலத்தில் என்றால், நடுவிலிருந்து 3.9 அங்குலம் முன்னே. அதை 28ஆல் வகுத்தால் 13.9 சதவீதம். வெளிக்கள இலக்குக்கு 11 முதல் 16 சதவீதம் வரை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இந்த எல்லைக்குள் 13ஆ 14ஆ என்று மண்டையை உடைப்பதைவிட, பன்னிரண்டு அம்பின் சமநிலைப் புள்ளியும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது மேல்.

அம்பைக் கட்டும் வேலையின் ஒவ்வொரு படியும் இந்த ஒற்றுமையைக் காப்பதற்கே. தண்டை அதிவேகத் தேய்ப்புச் சக்கரத்தால் வெட்ட வேண்டும். குழாய் வெட்டும் கருவி கார்பன் இழைகளை நசுக்கிவிடும். வெட்டும்போது எழும் கார்பன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம். வெட்டிய முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் முனை சாய்ந்து அமரும். ஆகவே அதைத் தேய்த்துச் சமப்படுத்துவது சில நிமிட வேலையானாலும் தவிர்க்கக் கூடாதது. உள்ளும் புறமும் ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்திய பிறகே பசை. ஹாட்மெல்ட் பசையை உருக்க முனையைத்தான் சூடாக்க வேண்டும். தண்டைச் சூடாக்கினால் கார்பனைப் பிணைத்திருக்கும் பிசின் இளகிப் பலம் போய்விடும். முனை பொருத்திய அம்பை உருளைகளின் மேல் சுழற்றினால், முனை ஆடுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். இறகுகளை ஜிக் என்ற பொருத்தும் கருவியில் வைத்து, ஒரே கோணத்தில், பின்முனையிலிருந்து ஒரே தொலைவில் ஒட்ட வேண்டும். சற்றே சாய்த்து ஒட்டிய இறகு அம்பைச் சுழற்றி, தண்டின் சிறு கோணல்களைச் சராசரியாக்குகிறது. சாய்வு அதிகமானால் வேகம் வீணாகும். நாணைக் கவ்வும் நாக் துண்டு எல்லா அம்பிலும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். நாணில் மாட்டித் தொங்கவிட்டால் அம்பு தானாக விழக் கூடாது, நாணை மெல்லத் தட்டினால் விழ வேண்டும். தேய்ந்த நாக் ஒன்று தொகுதிக்குள் புகுந்தால் அந்த அம்பு மட்டும் வேறு நேரத்தில், வேறு விதமாக நாணை விட்டு விலகும். கடைசியாக ஒவ்வொன்றையும் கால் கிரெயினைக் காட்டும் தராசில் நிறுத்து, எண்ணிட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். பாதுகாப்புக்கும் இங்கேயே இடம் உண்டு. எய்வதற்கு முன் தண்டை வளைத்துப் பார்த்து விரிசல் தேடுவதும், இழுவிசையின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறைந்த அம்பை வில்லில் வைக்காமல் இருப்பதும் கையையும் வில்லையும் காக்கும்.

ஒன்றுபோல் கட்டிய தொகுதி கைக்கு வந்த பிறகே டியூனிங்குக்குப் பொருள் வருகிறது. இங்கேயும் வரிசை முக்கியம். முதலில் வில்லின் இரு கேம்களும் ஒரே கணத்தில் தம் எல்லையைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வழக்கம்போல் இறுக்கி இழுத்தும், சற்றே தளரவிட்டும் எய்து பார்த்து, இரு வகை அம்பும் ஒரே உயரத்தில் தைத்தால் கேம்கள் ஒத்திசைந்துள்ளன என்று பொருள். பிறகு நாணில் அம்பு மாட்டும் நாண் புள்ளியின் உயரமும் ரெஸ்டின் இடமும். சுமார் 2 மீட்டரில் காகிதத்தின் ஊடே எய்து கிழிசலைப் பார்க்கும் முறை பிரபலமானது, விரைவானது, பெரும் பிழையை உடனே காட்டும். ஆனால் வளைந்து நிமிரும் அம்பின் ஒரே ஒரு கணத்தைத்தான் அது படம்பிடிக்கிறது. காகிதத்தை அரை மீட்டர் நகர்த்தினால் கிழிசலின் வடிவம் மாறலாம். எனவே துல்லியமான துளை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. 18, 20 மீட்டரில் இறகில்லா அம்பையும் இறகுள்ள அம்பையும் சேர்த்து எய்வது அடுத்த சோதனை. இறகு திருத்திவிடும் பிழைகளை இறகில்லா அம்பு ஒளிக்காமல் காட்டும். அது மேலே தைத்தால் நாண் புள்ளி தாழ்வாக இருக்கிறது என்பது பொது விதி. வெளியேறும்போது இறகு ரெஸ்டையோ கேபிளையோ உரசுகிறதா என்பதைப் பொடி தூவிக் கண்டறியலாம். கைப்பிடியை விரல் திருகினாலும் அம்பு அதிகம் விலகாதபடி ரெஸ்டை முன்பின் நகர்த்தும் முறையும் காம்பவுண்டில் பயன் தருகிறது. இவை எல்லாம் முடிந்தபின், 50 மீட்டரில் அம்புகள் கூடும் விதமே இறுதித் தீர்ப்பு.

இறகுதான் எல்லாவற்றையும் திருத்திவிடுமே, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற மறுப்பு இங்கே எழும். இறகு திருத்துகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு விலை உண்டு. ஜப்பானில் காற்றுச் சுரங்கங்களில் நடந்த ஆய்வுகள், அம்பின் மேற்பரப்பை ஒட்டிய காற்றுப்படலம் சீராக ஓடும்போது ஒரு தடையும், கலங்கி ஓடும்போது அதைவிட மிக அதிகமான தடையும் இருப்பதைக் காட்டியுள்ளன. அம்பு சாய்ந்து பறந்தால் அந்தப் படலம் எளிதில் கலங்குகிறது. ஆக, ஆடிக்கொண்டே வெளியேறும் அம்பு பிறகு நேராகிவிட்டாலும், அதற்குள் வேகத்தை இழந்திருக்கும், காற்றுக்கும் கூடுதலாக இடம் கொடுத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஆடினால் சைட் அதைச் சரிக்கட்டும். ஒரு முறை அதிகமாகவும் ஒரு முறை குறைவாகவும் ஆடினால் அது சிதறலாகவே வெளிப்படும். டியூனிங்கின் உண்மையான பயன் இதுதான்: வில்லாளியின் சிறு பிழை அம்பில் பெரிதாகாமல் தடுப்பது. ஒற்றுமைக்கு அடுத்த இடத்தை அதற்கு நான் கொடுப்பதும் இதனால்தான்.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. சிதறலுக்குப் பெரும் காரணம் வில்லாளியே. அம்பை நிறுப்பதைவிட நிற்கும் முறையைத் திருத்துவதே மேல் என்பது அது. பயிற்சியாளர்கள் சொல்லும் இந்தக் கருத்தைப் புறந்தள்ள முடியாது, கணக்கும் அதற்கு ஒரு பகுதி ஆதரவு தருகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகள் நேரடியாகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. வில்லாளியின் சிதறல் 10 செ.மீ., அம்பின் சிதறல் 3 செ.மீ. என்றால் மொத்தம் 10.4 செ.மீ.தான். அம்பை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அவருக்குக் கிடைக்கும் லாபம் அற்பம். ஆனால் வில்லாளி தேறித் தம் சிதறலை 4 செ.மீ.க்குக் குறைத்துவிட்டால், அதே 3 செ.மீ. அம்பு மொத்தத்தை 5 செ.மீ. ஆக்கிவிடும், கால் பங்கு கூடுதல். ஆகவே திறமை ஏற ஏற அம்பின் மேல் செலுத்தும் கவனமும் ஏற வேண்டும் என்பதே சரியான முடிவு. தொடக்க நிலையில் இருப்பவருக்கும் ஒன்றுபோன்ற அம்பு வேறொரு வகையில் தேவைப்படுகிறது. அம்பு தைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அவர் தம் பிழையைக் கற்கிறார். அம்பே பொய் சொன்னால், சரியாக எய்தபோது தவறு செய்ததாகவும், தவறாக எய்தபோது சரியாகச் செய்ததாகவும் மனத்தில் பதியும். அப்படிப் பதிந்த பழக்கத்தை அகற்றுவது அம்பை மாற்றுவதைவிடக் கடினம்.

விலை பற்றிய மறுப்பு இந்தியச் சூழலில் நேர்மையான ஒன்று. உயர்தரத் தண்டுகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, முனையும் நாக்கும் சேர்த்து ஒரு டஜனுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. சிற்றூர்ப் பயிற்சி மையத்துச் சிறுமியால் அதை வாங்க இயலாது. ஆனால் என் வரிசை அவருக்கே அதிகம் உதவும். நேர்த்தியின் விலை தண்டில் அச்சிட்டிருக்கிறது. ஒற்றுமையின் விலை உழைப்பில் இருக்கிறது. நடுத்தர விலையில் கிடைக்கும் சீரான விட்டமுள்ள கார்பன் தண்டுகளைப் பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கி, ஒரு சிறு தராசில் நிறுத்து, எடை ஒத்தவற்றைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக்கொண்டால், பிரிக்காமல் கலந்து எய்யும் விலை உயர்ந்த தொகுதியோடு அவை போட்டியிடும். ஒரு தராசும், ஒரு ஜிக்கும், வெட்டிய முகத்தைச் சமப்படுத்தும் கருவியும் ஒரு மையம் முழுவதற்கும் போதும்.

எஞ்சியிருப்பது தீர்ப்பு வழங்கும் முறை. ரெஸ்டை இம்மியளவு நகர்த்தி மூன்று அம்பு எய்து, கூட்டம் சுருங்கியது என்று மகிழ்வதும், மீண்டும் நகர்த்தி, விரிந்தது என்று வருந்துவதும் களங்களில் வழக்கம். எதையுமே மாற்றாமல் எய்தாலும் மூன்று அம்புக் கூட்டத்தின் அகலம் சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதும் குறைவதும் இயல்பு. அந்தத் தற்செயலைத் திருத்தத்தின் பலன் என்று எண்ணி வில்லை மாற்றிக்கொண்டே போனால் முடிவே கிடையாது. ஒவ்வோர் அமைப்புக்கும் முப்பது, முப்பத்தாறு அம்பாவது, முடிந்தால் வேறு வேறு நாள்களில் எய்து, ஒவ்வொன்றும் தைத்த இடத்தை அதன் எண்ணோடு வரைபடத்தில் குறிக்க வேண்டும். அப்போது இரண்டு உண்மைகள் தனித்தனியே தெரியும். எல்லா எண்களும் நடுவைச் சுற்றிப் பரவியிருந்தால் அந்தச் சிதறல் வில்லாளியுடையதோ அமைப்புடையதோ. ஏழாம் எண் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் விலகினால் குறை அந்த அம்பில். அதன் நாக் துண்டைச் சற்றுத் திருப்பி, தண்டின் விறைப்பான பக்கத்தை மாற்றிப் பார்க்கலாம். சேர்ந்துவிட்டால் தொகுதியில் வைக்கலாம், சேராவிட்டால் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

ஆகவே நம் பயிற்சி மையங்கள் வில்லாளிக்கு முதல் ஆண்டிலேயே அம்பை நிறுக்கவும், வெட்டவும், ஒட்டவும், எண்ணிட்டுப் பதியவும் கற்றுத்தர வேண்டும். அதைக் கடைக்காரரிடமோ பயிற்சியாளரிடமோ விட்டுவிடுவதால், தம் ஆட்டத்தின் பாதியை வில்லாளி அறியாமலே போகிறார். கேம் ஒத்திசைவும் ரெஸ்டின் நுண்ணிய நகர்த்தலும் அதற்குப் பிறகு வரட்டும். விலை உயர்ந்த தண்டு, சிதறல் உண்மையாகவே சுருங்கி அதைக் கேட்கும் நாளில் வரட்டும். 150க்கும் 149க்கும் இடையில் பட்டம் தீரும் விளையாட்டில், பதிவேடு வைத்திருப்பவருக்கே எந்த அம்பை இறுதிச் சுற்றுக்கு எடுப்பது என்பது தெரியும்.